பாக்ஸ்என் சரக்கு வேகனின் சிறு மாதிரியை மிச்சப் பொருள்களில் செய்தல்: அட்டை வளையாமலும் வண்டி தடம் புரளாமலும் இருக்க வழி என்ன?

பாளையங்கோட்டைத் தடம் (கேள்வி):

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை, ஊதுபத்திக் குச்சி, தென்னை ஈர்க்கு ஆகியவற்றைக் கொண்டு, தூத்துக்குடிப் பக்கம் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பாக்ஸ்என் வேகன்களை 1:87 அளவில் செய்ய விரும்புகிறேன். அசல் வேகன் கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) முதல் கப்ளர் வரை 10,713 மி.மீ. நீளம் என்பதால் மாதிரி 123 மி.மீ. வரும், அகலமும் உயரமும் தலா 37 மி.மீ. அளவில் அடங்கும். வெட்டி ஒட்டிய முதல் பெட்டியின் பக்கச் சுவர்கள் சில நாளிலேயே உள்நோக்கி வளைந்துவிட்டன. வளைவில் தடமும் புரள்கிறது. சுவரை நேராக நிறுத்துவது எப்படி? சக்கரங்களையும் சட்டைப் பொத்தான் போன்றவற்றில் செய்துகொள்ள முடியுமா?

தூத்துக்குடி யார்டு:

தம்பி, மேற்கட்டு முழுவதையும் மிச்சப் பொருளில் செய்யுங்கள், ஆனால் சக்கரத்தை மட்டும் விலைக்கு வாங்குங்கள். எச்ஓ (1:87 அளவு மாதிரி ரயில்) தண்டவாளத்தில் ஓடும் சக்கர இணையின் உட்புற முகங்களுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும், அதில் அரை மி.மீ. பிசகினாலும் தடம் பிரியும் பாயிண்டைக் கடக்கும்போது வண்டி ஏறி விழுந்துவிடும். அசல் சக்கரத்தின் விட்டம் 1,000 மி.மீ. என்பதால் 11 மி.மீ. சக்கரம் பார்வைக்கும் பொருந்தும்.

அடுத்தது எடை. அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ எச்ஓ வண்டிக்கு 1 அவுன்ஸுடன், கப்ளர் நீங்கலான பெட்டி நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்கச் சொல்கிறது. உங்கள் பெட்டிக்கு அது ஏறத்தாழ 90 கிராம் வரும். பழைய நட்டும் வாஷரும் போதும். வலையில் கட்டும் ஈயக் குண்டு நம் ஊரில் எளிதாகக் கிடைத்தாலும், அதை வெள்ளை மரப்பசையில் பதிக்க வேண்டாம். காலப்போக்கில் ஈயம் பசையோடு வினைபுரிந்து பருத்து, பெட்டியையே பிளந்துவிடும்.

இரண்டு போகிகளையும் (பெட்டியின் அடியில் திரும்பும் நாற்சக்கரச் சட்டங்கள்) ஒரேமாதிரி தளர்வாகத் திருகாதீர்கள். ஒன்று எல்லாப் பக்கமும் ஆடலாம். மற்றொன்று வளைவில் திரும்பவும் முன்பின் சாயவும் மட்டும் இடம் கொடுத்து, பக்கவாட்டில் ஆடாதபடி இருக்க வேண்டும். அப்போது வண்டி முக்காலி போல மூன்று புள்ளிகளில் நின்று, மேடுபள்ளமான தடத்திலும் எட்டுச் சக்கரங்களையும் பதித்து ஓடும்.

தென்காசிச் சாரல்:

வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் பத்திரிகை அட்டையின் வழவழப்பான முகம். அந்தப் பக்கம் ஈரத்தை உறிஞ்சாது, சொரசொரப்பான மறுபக்கம் உறிஞ்சி விரியும். உலரும்போது சுருங்கி இழுக்கும். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே இரண்டு துண்டுகளைச் சொரசொரப்பு உள்ளேயும் வழவழப்பு வெளியேயும் இருக்குமாறு மெல்லிய பசையில் முதுகோடு முதுகு ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுவதும் வைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டிய விளிம்புகளில் தச்சரிடம் மிஞ்சும் பிரெஞ்ச் பாலிஷைத் தடவினால் ஈரம் நுழையும் வாசல் அடைபடும்.

அட்டைக்கும் இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் மெதுவாக மடக்கிப் பார்த்தால், எளிதில் வளையும் திசையில் மடிப்புக்கோடு இழையை ஒட்டி அமையும். அந்த இழை வேகனின் நீளவாக்கில் செல்ல வேண்டும். கூரை இல்லாத பெட்டி என்பதால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் கட்டாயம். நிலக்கரியின் கீழே அவை தெரியாது.

செங்கோட்டை மீட்டர்கேஜ்:

கேட்காததைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எச்ஓவின் 16.5 மி.மீ. தடம், பல வெளிநாடுகளில் உள்ள 1,435 மி.மீ. பாதையின் சிறு வடிவம். நமது 1,676 மி.மீ. அகலப்பாதைக்கு 1:87 அளவில் 19.3 மி.மீ. வேண்டும். அதனால் உங்கள் வேகன் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் தடம் ஒடுங்கியே தோன்றும். மீட்டர்கேஜோ 11.5 மி.மீ. கேட்கிறது, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தடம் அதற்கு மிக நெருக்கம். 1904 முதல் 2010 வரை செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் ஓடிய மீட்டர்கேஜ் வண்டிகளை நம் பகுதியில் எவரேனும் செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாக்ஸ்என் முடிந்ததும் யோசியுங்கள்.

பாளையங்கோட்டைத் தடம்:

மூவருக்கும் நன்றி. மீட்டர்கேஜை நிச்சயம் மனத்தில் வைத்திருக்கிறேன். பக்கச் சுவரின் செங்குத்துத் தாங்கிகளுக்கு ஊதுபத்திக் குச்சி பொருந்துமா? வர்ணத்துக்கு எதைப் பயன்படுத்தலாம்?

தூத்துக்குடி யார்டு:

குச்சி உருண்டையாக இருப்பதால் தாங்கி தட்டையாகத் தெரியாது. அட்டையையே மெல்லிய பட்டையாக வெட்டி, ஒட்டும் இடத்தில் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். குச்சியையும் ஈர்க்கையும் அடியில் செல்லும் பிரேக் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடே பாக்ஸ்என்னின் செம்பழுப்புக்குப் போதும்; டர்பன்டைனில் நன்றாக நீர்க்கச் செய்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள், தடித்த பூச்சு தாங்கிகளின் விளிம்பை மழுக்கிவிடும். நிலக்கரிக்கு இஸ்திரிக் கடையின் மரக்கரியை நுணுக்கிச் சலித்து, தெர்மகோல் மேட்டின்மேல் மரப்பசையால் ஒட்டுங்கள். டர்பன்டைன் தெர்மகோலைக் கரைத்துவிடும் என்பதால், வர்ணம் முழுவதும் காய்ந்த பிறகே அந்த மேட்டைப் பெட்டிக்குள் இறக்க வேண்டும்.