இயற்பியல் இறுதித் தேர்வுக்குத் தயாரான விதம்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த மாணவி:

மற்ற பாடங்களுக்குக் கைகொடுக்கும் படிப்பு முறை இயற்பியலுக்கு மட்டும் கைகொடுப்பதில்லை என்று என்னுடன் படித்த பலர் வருந்தியதைக் கேட்டிருக்கிறேன். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தீர்த்துக் காட்டிய கணக்கைப் பார்த்தால் அடுத்த வரி என்னவென்று மனம் முன்கூட்டியே சொல்லும். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளை எடுத்தால் முதல் வரியே வராது. இறுதித் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததற்கு முதன்மைக் காரணம், கல்வியாண்டின் பாதியிலேயே என் படிப்பை வாசிப்பிலிருந்து வெற்றுத்தாளுக்கு மாற்றிக்கொண்டதுதான்.

ஒரு பாடத்தைக் காலையில் நிதானமாக ஒரு முறை படிப்பேன். மாலையில் புத்தகத்தைத் திறக்காமல் அதிலுள்ள வரையறைகள், படங்கள், சமன்பாடுகளை வருவிக்கும் படிகள் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதுவேன். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த வரியைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு, புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மேலே தொடர்வேன். மறுநாள் படிப்பு அந்தச் சிவப்புக் குறிகளிலிருந்தே தொடங்கும். தேர்வு நெருங்கியபோது முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. எந்த இடங்களில் தடுமாறுவேன் என்பது அந்தத் தாள்களிலேயே இருந்தது.

கணக்குகளைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு கணக்கையும் அடிவரை பார்ப்பதுதான் பயன் தந்தது. எங்கள் படிப்புக் குழுவில் பேசிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். 25 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலாக எறியப்படுகிறது. அது எத்தனை நொடியில் தரையை அடையும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டோம். இடப்பெயர்ச்சியை நேர்க்குறியுடன் 25 என்று எழுதினால், கிடைக்கும் இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான விடையே இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் குறியை மாற்றிப் போட்டு விடையை வரவழைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் ஏன் விடை வரவில்லை என்று கேட்டோம். நேர்க்குறியுடன் எழுதியபோது, கல் எறிந்த இடத்திலிருந்து 25 மீட்டர் மேலே எப்போது போகும் என்றுதான் சமன்பாட்டைக் கேட்டிருக்கிறோம். அந்த வேகத்தில் எறிந்த கல் 20 மீட்டருக்கு மேல் எழும்பாது. ஆகவே அப்படி ஒரு நேரம் இல்லை என்று சமன்பாடு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

எதிர்க்குறியுடன் எழுதினால் 5, −1 என்று இரண்டு விடைகள் வருகின்றன. 5 நொடி என்பதே நமக்கு வேண்டிய விடை. ஆனால் அந்த −1 நொடிக்கும் பொருள் உண்டு. கோபுர உச்சியில் நாம் எறிவதற்கு 1 நொடி முன்பு தரையிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் யாரோ ஒரு கல்லை மேலே எறிந்திருந்தால், அது சரியாக நாம் எறியும் கணத்தில் 25 மீட்டர் உயரத்தை 20 மீட்டர் வேகத்துடன் கடந்திருக்கும். இரண்டு கற்களுக்கும் அதற்குப் பிறகு ஒரே இயக்கம்தான். இதைக் கண்டுகொண்ட மாலையில் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் குழுவில் எவரும் படம் வரையாமல், எந்தத் திசை நேர்க்குறி என்று எழுதாமல் ஒரு கணக்கையும் தொடங்கியதில்லை.

நீண்ட காலமாக விடைத்தாள் திருத்தும் இயற்பியல் ஆசிரியர்:

மேலே மாணவி எழுதியிருப்பதை மனமார வரவேற்கிறேன். திருத்தும் மேசையிலிருந்து பார்க்கும்போது, பாடம் தெரியாததால் போகும் மதிப்பெண்ணைவிட, தெரிந்ததைத் தாளில் முறையாக இறக்காததால் போகும் மதிப்பெண் என்னை அதிகம் வருத்துகிறது. சூத்திரம், பிரதியிடல், அலகுடன் கூடிய விடை என்று படிகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் தரப்படும் தேர்வுகளில், வெறும் விடையை மட்டும் எழுதும் மாணவர் ஒரே ஒரு கூட்டல் பிழையால் முழுக் கணக்கையும் இழக்கிறார்; அதே பிழையைச் செய்தாலும் படிகளைக் காட்டியவர் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

அலகுகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவுக் கணக்கில், 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, 2.1 எலக்ட்ரான் வோல்ட் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான குறைந்த அளவு ஆற்றல்) கொண்ட உலோகத்தின்மீது விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளித்துகளான ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 5 × 10⁻¹⁹ ஜூல், அதாவது சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட். கழித்தால் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட். அந்த எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தும் நிறுத்து மின்னழுத்தத்தின் அளவு 1 வோல்ட். இதில் ஃபோட்டானின் ஆற்றலை ஜூலிலேயே விட்டுவிட்டு அதிலிருந்து 2.1 ஐக் கழிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயக்க ஆற்றல் எதிர்க்குறியில் வருகிறது. இயக்க ஆற்றல் சுழிக்குக் கீழே போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும் அந்த விடைக்கு அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். விடை கிடைத்ததும் "இப்படி நடக்க முடியுமா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும்.

வரைபடங்களிலும் இதே நிலைதான். தனி ஊசல் சோதனையில் நீளத்தை ஓர் அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை மறு அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோட்டின் சாய்வு, மீட்டருக்குச் சுமார் 4 நொடி வர்க்கம் என்று வர வேண்டும் என்பதும், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைப் பெறலாம் என்பதும் வெகு சிலருக்கே நினைவுக்கு வருகின்றன. சாய்வைக் காணும்போது அளவீட்டுப் புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளாமல், வரைந்த கோட்டின்மீது நன்கு விலகியிருக்கும் இரண்டு இடங்களை எடுக்கச் சொல்லி வகுப்பில் நான் வற்புறுத்துவேன்.

பயிற்சியின் வரிசை குறித்தும் கவனம் தேவை. ஒரே அத்தியாயத்தின் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்யும்போது எந்தச் சூத்திரம் என்ற கேள்வியே எழுவதில்லை. தேர்வில் முதலில் எழுவது அந்தக் கேள்விதான். டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், கன உருவங்களின் கொள்ளளவு காணும் கணக்குகளைக் கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். அதனால் இறுதி வாரங்களில் இயக்கவியல், மின்சுற்று, ஒளியியல் என்று கலந்து கணக்குகளைக் கொடுக்கிறேன். முதல் சில நாட்கள் மாணவர்கள் சோர்ந்துபோவார்கள். அந்தச் சோர்வைக் கண்டு பழைய வரிசைக்குத் திரும்பிவிடக் கூடாது.

தங்கையின் படிப்புக்குத் துணைநின்ற அண்ணன்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு நேரத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். என் தங்கைக்குப் பாடம் நன்றாகத் தெரியும். மூன்று மணி நேரம் இடைவிடாமல் எழுதும் பழக்கம் மட்டும் இல்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், கடிகாரத்தை முன்னால் வைத்து எழுத வைத்தோம். மொத்த நேரத்தை மொத்த மதிப்பெண்ணால் வகுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் அதன் மதிப்பெண்ணுக்கேற்ப எவ்வளவு நேரம் என்று அவளே கணக்கிட்டுக்கொண்டாள். அந்த அளவைத் தாண்டினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். தேர்வுக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் தொடாமல் உரிய நேரத்தில் உறங்கச் சொன்னோம்; அன்றிரவு கூடுதலாகப் படிக்கும் இரண்டு மணி நேரத்தைவிட மறுநாள் தெளிந்த தலை கூடுதல் மதிப்பெண் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாணவி மீண்டும்:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. நீண்ட வருவித்தல்களை எப்படி நினைவில் வைத்தாய் என்று தனியே கேட்ட தோழிகளுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றிலும் இயற்பியல் நுழையும் இடங்கள் சிலவே, மற்றவை இயற்கணிதம். சீரான வட்ட இயக்கத்தில் மையநோக்கு முடுக்கத்தைப் பெறும்போது, திசைவேகங்களாலான முக்கோணமும் நிலைகளாலான முக்கோணமும் வடிவொத்தவை என்ற ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டால் எஞ்சிய வரிகள் தாமாக வந்துவிடும். அத்தகைய இடங்களை மட்டும் அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தேன். தேர்வு நாள் காலையில் நான் பார்த்தவை அந்தப் பக்கங்கள் மட்டுமே.