பால் மறக்கடிக்கிறது ஒரு வயசிலா, ரெண்டு வயசிலா?

மலர்_மஞ்சக்குப்பம்:
கடலூர்லயும் புதுவையிலயும் இந்தச் சண்டை இல்லாத வீடு குறைவு. பெரியவங்க "ஒரு வயசு முடிஞ்சதும் நிறுத்திடு, இல்லாட்டி பிள்ளை சோத்துக்கு வாயே திறக்காது" என்கிறாங்க. நர்சம்மா "ரெண்டு வயசு வரைக்கும் கொடு" என்கிறாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதுதான்: முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இணை உணவோட 2 வயசு வரைக்கும், தாயும் பிள்ளையும் விரும்பினா அதுக்கு மேலயும்.

நான் பெரியவங்க பக்கம். தாய்ப்பால்ல இரும்புச்சத்து லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. பிறக்கும்போது பிள்ளை உடம்புல சேர்ந்திருந்தது 6 மாசத்தோட தீர்ந்துபோகும். ஒரு வயசுக்கு மேலயும் மணிக்கொரு தரம் மாரைத் தேடற பிள்ளைக்கு வயிறு பாலாலேயே நிறைஞ்சிடும். கீரைக்கும் பருப்புக்கும் இடம் ஏது? 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 6 மாசத்துலேர்ந்து 5 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்கள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "பால்தான் குடிக்குதே, சோறு அப்புறம் பார்க்கலாம்" என்கிற பழக்கத்துக்கு இதுல பங்கு உண்டுன்னுதான் நினைக்கிறேன்.

சொந்தக் கதை வேண்டாம். ஏன், எப்படி, எவ்வளவுன்னு எழுதுங்க.

வாசுகி_லாஸ்பேட்டை:
மலர், இரும்புக் கணக்கு சரி. அதுலேர்ந்து நீங்க எடுத்த முடிவுதான் தப்பு. தாய்ப்பாலை நிறுத்தின வீட்ல அந்த இடத்துக்குக் கீரை வர்றதில்ல, டம்ளர் டம்ளரா பாக்கெட் பால்தான் வருது. பசும்பால்லயும் இரும்பு அதே சொற்பம்தான். தாய்ப்பால்ல இருக்கற கொஞ்ச இரும்பாவது குடல்ல நல்லா ஏறும், பசும்பால்ல இருக்கறது அப்படி ஏறாது. போதாக்குறைக்கு அதுல இருக்கற கால்சியம், கூடச் சாப்பிடற சோத்து இரும்பையும் ஏறவிடாது. ஒரு வயசுக்குக் கீழ பசும்பாலை முக்கிய ஆகாரமா கொடுக்கவே கூடாது. அதுக்கு மேலயும் ஒரு நாளைக்கு 400, 500 மில்லியைத் தாண்டக் கூடாது.

ஒரு வயசுக்கு மேல தாய்ப்பால் வெறும் தண்ணி என்கிற பேச்சும் நிற்கணும். ரெண்டாவது வயசுல ஒரு நாளைக்குச் சுமார் 450 மில்லி குடிக்கிற பிள்ளைக்கு வேண்டிய சக்தியில 29 சதவீதம், புரதத்துல 43, வைட்டமின் ஏ-ல 75 சதவீதம் அந்தப் பால்லேர்ந்தே வந்துடும்.

மீதிக்குத்தான் சோறு. 6–8 மாசத்துல 200 கலோரி, 9–11 மாசத்துல 300, ஒரு வயசுக்கு மேல 550 கலோரி வேணும். அதை அடுப்படிக் கணக்குல பாருங்க: அரிசி 30 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம், இறக்கினதும் நெய் ஒரு டீஸ்பூன். குழைய வேகவெச்சா சின்னக் கிண்ணம் ஒண்ணு, கிட்டத்தட்ட 200 கலோரி. அந்த மாதிரி மூணு கிண்ணம் போனா கணக்கு முடிஞ்சுது. இதுக்குத் தாய்ப்பால் குறுக்க நிக்கல. ரசத்தை ஊத்திக் கரைச்ச சோறும், வெந்நீர்ல ஊறவெச்ச இட்லியும்தான் குறுக்க நிக்குது. பிள்ளையோட இரைப்பை சின்னது. தண்ணியை ஊத்தி அதை நிரப்பிட்டு "திங்க மாட்டேங்குது"ன்னு சொல்லக் கூடாது. கரண்டியைச் சாய்ச்சா சோறு வழியாம ஒட்டி நிக்கணும், அதுதான் பதம்.

மலர்_மஞ்சக்குப்பம்:
பாக்கெட் பால் விஷயத்துல மறுக்கல. ஆனா கெட்டியா சமைச்சு வெச்சாலும், பத்து நிமிஷத்துக்கு முன்னாடி பால் குடிச்ச பிள்ளை அதைத் தொடாது. "கேட்டப்போ எல்லாம் கொடு" என்கிறது 6 மாசம் வரைக்கும் சரியான பேச்சு. 14 மாசத்துக்கு அது பொருந்தாது.

வாசுகி_லாஸ்பேட்டை:
அதுல ஒத்துப்போறேன். 9 மாசத்துக்கு மேல முதல்ல சோறு, அப்புறம் பால். சாப்பாட்டுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே பால் நிற்கணும். தூங்கி எழுந்ததும் ஒரு தரம், சாப்பிட்டு முடிச்சதும் ஒரு தரம்னு வெச்சுக்கிட்டா நாலஞ்சு வேளையில அடங்கிடும். இது ஒழுங்குபடுத்தறது. நீங்க சொல்றது நிறுத்தறது. ரெண்டும் வேற வேற.

கயல்_முதுநகர்:
இரும்புன்னு பேச்சு வந்ததால ரெண்டு விஷயம். 6 மாசத்துலேர்ந்து 5 வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு அரசே இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள், தரத்துக்கு 1 மில்லி. அதுல 20 மில்லிகிராம் இரும்பு இருக்கு. பாலோட சேர்த்துக் கொடுக்காதீங்க, சோறு தின்ன பிறகு கொடுங்க. மலம் கறுப்பா போகும், அதைப் பார்த்துப் பயந்து பாதிப் பாட்டிலோட நிறுத்தற வீடுங்க நிறைய. அந்தக் கறுப்பு இரும்புச்சத்தால வர்றது, கெடுதல் இல்ல.

ரெண்டாவது மீன். கரையில பச்சை நெத்திலி வந்தா தலையையும் குடலையும் கிள்ளிட்டு, இட்லித் தட்டுல பத்து நிமிஷம் ஆவியில வேகவெச்சு, நடுமுள்ளை உருவிட்டுச் சோத்தோட பிசைஞ்சு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். தாய்க்குப் பால் ஊறணும்னு பால்சுறா புட்டு செய்யறது நம்ம கரையோரப் பழக்கம். அதுல புரதம் இருக்கு, சரிதான். ஆனா சுறா மாதிரி பெரிய மீனுங்கள்ல பாதரசம் சேர்ந்திருக்கும். பால் கொடுக்கறவங்களுக்கு மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி நல்லது.

செல்வி_நெல்லிக்குப்பம்:
இவ்வளவு கணக்கு எதுக்கும்மா? மூசாம்பரத்தை உரசி மார்க்காம்புல தடவினா ரெண்டே நாள்ல பிள்ளை தானா முகத்தைத் திருப்பிக்கும். இல்லாட்டி வேப்பெண்ணெய் இருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் மறக்கடிச்சாங்க. அழுதாலும் மூணாம் நாள் மறந்துடும். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறேன்னு வாரக்கணக்குல இழுத்துக்கிட்டு இருந்தா தாய்க்கும் வேதனை, பிள்ளைக்கும் வேதனை.

செவிலி_அரியாங்குப்பம்:
செல்வி அக்கா, நீங்கள் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறீர்கள், ஆனால் இதை அப்படியே விட முடியாது. மூசாம்பரம் என்பது கற்றாழைத் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பாலைக் காய்ச்சி உறையவைத்தது. கடுமையான பேதி மருந்து. தாய்ப்பாலை நிறுத்தும் அதே நாளில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கையும் வரவைத்தால், நீரிழப்புக்கு நாமே வழி செய்து கொடுத்ததாக ஆகிவிடும். வேப்பெண்ணெய் அதைவிட ஆபத்து. சில மில்லி உள்ளே போனதற்கே கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. கசப்புக்காக எதையும் காம்பில் தடவ வேண்டாம்.

திடீரென நிறுத்துவதில் தாய்க்கும் கெடுதல் இருக்கிறது. முந்தாநாள் வரை ஐந்து வேளை பால் கொடுத்த மார்பில் சுரப்பு ஒரே நாளில் நிற்காது. பால் கட்டி, கல் மாதிரி இறுகி, ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வரும். மருத்துவம் தள்ளிப்போனால் சீழ் கட்டும், கத்தி வைக்க வேண்டிவரும். துணியால் இறுக்கிக் கட்டுவதால் பால் குழாய் அடைபட்டு இது இன்னும் மோசமாகும்.

சரியான முறை: ஒரு வேளையை நிறுத்தினால் ஐந்து முதல் ஏழு நாள் அடுத்ததைத் தொடக் கூடாது. முதலில் மதியப் பால். அந்த நேரத்தில் பிள்ளை விளையாட்டில் இருக்கும், மாற்று ஆகாரம் கொடுப்பதும் சுலபம். பிறகு முற்பகல், பிறகு மாலை, பிறகு விடியற்காலை. தூங்கப் போகும்போது கொடுப்பது கடைசி. நிறுத்திய வேளையில் வழக்கமாக உட்காரும் அதே இடத்தில் உட்காராதீர்கள். அந்தப் பாயையும் மடியையும் பார்த்தாலே பிள்ளைக்குப் பால் ஞாபகம் வரும். மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள். முழுக்கக் காலி செய்தால் உடம்பு அதே அளவு திரும்பச் சுரக்கும். குளிர்ந்த ஈரத்துணி போடலாம். சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அந்த நேரத்தில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, பால் வெளியேற வேண்டும்.

செல்வி_நெல்லிக்குப்பம்:
பேதி மருந்துன்னு தெரியாது, ஒத்துக்கறேன். மூசாம்பரத்தை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். பால் வத்தறதுக்கு மார்ல மல்லிகைப் பூ கட்டறதும் தப்பா?

செவிலி_அரியாங்குப்பம்:
அது வேறு. 1988-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மல்லிகைப் பூவை மார்பில் ஒட்டவைத்தும், பால் வற்ற அப்போது கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டும் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பால் சுரப்பு இரண்டிலும் குறைந்தது. பூவை உதிரியாகத் துணியில் பரப்பி வையுங்கள், சரமாக இறுக்க வேண்டாம். வாடியதும் மாற்றுங்கள். பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கும்போது மட்டும் மல்லிகை வேண்டாம், சுரப்பு குறைந்துவிடும்.

திலகா_சிப்காட்:
ரெண்டு வயசு வரைக்கும்னு எழுதறவங்க, கடலூர்லேர்ந்து காலை ஏழு மணிக்குப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறற பெண்ணையும் நினைக்கணும். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம், முதல் ரெண்டு பிள்ளைக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும். பிள்ளைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்கன்னே ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை கொடுக்கணும். சட்டம் நல்ல சட்டம். துணிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டு இருக்கற பெண்ணுக்கு எத்தனை முதலாளி இதைக் கொடுக்கறாங்க? இந்த நிலைமையில ரெண்டு வயசுன்னு அடிச்சுச் சொன்னா, முடியாம நிறுத்தினவளுக்குக் குத்தம் செஞ்ச மாதிரி மனசு உறுத்தும்.

வாசுகி_லாஸ்பேட்டை:
திலகா, அந்தக் கோபம் நியாயமானது. நிறுத்தினவங்களை யாரும் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வேலைக்குப் போறதும் நிறுத்தறதும் ஒண்ணுன்னு நினைக்க வேண்டாம். ஒரு வயசு தாண்டின பிள்ளைக்குப் பகல்ல பால் எடுத்து வெச்சே ஆகணும்னு இல்ல. பகல்ல மூணு கிண்ணம் சோறு, இடையில பழம். விடியற்காலையும் ராத்திரியும் தாய்ப்பால். பத்து நாள்ல மார்பு இந்தக் கணக்குக்குப் பழகிடும், பகல்ல கனக்காது.

ஒரு வயசுக்குள்ள இருந்தா எடுத்து வெக்கணும். பீய்ச்சின பால் 25 டிகிரியில 4 மணி நேரம் தாங்கும்னு சொல்வாங்க. கத்திரி வெயில்ல கடலூர் வீட்டு அறையே 35-ஐ எட்டும், அதனால வெளியே வெக்கவே வேண்டாம். ஐஸ் பொட்டலம் போட்ட பையில 24 மணி நேரம். ஃப்ரிட்ஜ்ல பின்பக்கச் சுவரை ஒட்டி வெச்சா 4 நாள். கதவுல வெக்காதீங்க, திறக்கத் திறக்கச் சூடு ஏறும். அடுப்புல காய்ச்சாம வெந்நீர்க் கிண்ணத்துக்குள்ள வெச்சுச் சூடாக்கி, பாலாடையிலோ (மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம்) டம்ளரிலோ கொடுங்க. பாட்டில் ரப்பரோட உள்மடிப்புல பால் ஒட்டிப் புளிச்சுக் கிடக்கும், கழுவறதே கஷ்டம். பாலாடையைப் பத்து நிமிஷம் கொதிக்கவெச்சா போதும்.

கயல்_முதுநகர்:
அடுத்த பிள்ளை வயித்துல வந்துட்டா? அப்பவாவது உடனே நிறுத்தணும்னுதான் எல்லா வீட்லயும் சொல்றாங்க.

செவிலி_அரியாங்குப்பம்:
ரத்தக்கசிவு, முந்தைய குறைப்பிரசவம் போன்ற சிக்கல் இருந்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். மற்றபடி கர்ப்பத்தில் பால் கெட்டுப்போகாது. சுரப்பு குறையும், ருசி மாறும், சில பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும். தாய்க்குத்தான் கூடுதல் சாப்பாடு வேண்டும்.

நம் மொழியில் "சவலை" என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் இல்லாமல் போய், வற்றி நிற்கும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை. 1935-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்றைய கானாவில் இதே நிலையில் உடம்பு வீங்கி, முடி வெளுத்து வந்த பிள்ளைகளின் நோயை எழுதினார். அங்கே தாய்மார் அதற்கு வைத்திருந்த "குவாஷியோர்கர்" என்ற பெயரையே மருத்துவ உலகமும் எடுத்துக்கொண்டது. அடுத்தது வந்ததும் முந்தியதற்கு வரும் நோய் என்பதுதான் அதன் பொருள். பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கஞ்சியை வைப்பதால் வருவது இது. வயது என்னவாக இருந்தாலும், பருப்பு, முட்டை, மீன் தட்டில் நிலைத்த பிறகுதான் பாலைக் குறைக்க வேண்டும்.

மலர்_மஞ்சக்குப்பம்:
சவலையை வெச்சு என் பக்கத்துக்கும் ஒரு நியாயம் கிடைக்குது: முதல்ல தட்டு, அப்புறம்தான் நிறுத்தறது. சரி, "ஒரு வயசு" என்கிறதை "தட்டு நிலைச்ச பிறகு"ன்னு மாத்திக்கறேன். ஆனா ராத்திரிப் பால்ல நான் மாறல. 15 மாசத்துக்கு மேல ராத்திரி நாலு தரம் மாரை வாயில வெச்சுக்கிட்டே தூங்கற பிள்ளைக்கு முன்பல் சொத்தையாகும், தாய்க்குத் தூக்கம் போகும். ராத்திரி 11 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும் நிறுத்தணும். நாலஞ்சு ராத்திரி அப்பாவோ பாட்டியோ பக்கத்துல படுத்து, முழிச்சா டம்ளர்ல ரெண்டு வாய் தண்ணி கொடுத்துத் தட்டிக்கொடுத்தா பழகிடும்.

வாசுகி_லாஸ்பேட்டை:
திலகா சொன்ன பெண்ணுக்கு ராத்திரிதான் பிள்ளையோட இருக்கற நேரமே. அதையும் எடுத்துட்டா மிச்சம் என்ன? சொத்தைக்கு வழி, முதல் பல் வந்த நாள்லேர்ந்து ரெண்டு வேளை துலக்கறது. அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். ராத்திரி துலக்கின பிறகு இனிப்பு, பிஸ்கட் எதுவும் கூடாது.

இன்னொண்ணு, எந்த மாசத்துல நிறுத்தறதுன்னு யாரும் எழுதல. ஐப்பசிலேர்ந்து மார்கழி வரைக்கும் நம்ம பக்கத்துல நிறுத்தாதீங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், எல்லாமே அந்த மாசங்கள்லதான் வந்தது. கரண்ட் இருக்காது, குழாயில கலங்கல் தண்ணி வரும், முகாம்ல பால்மாவைக் கரைக்க நல்ல தண்ணி கிடைக்காது. அப்போ பிள்ளைக்குச் சுத்தமா கிடைக்கறது தாய்ப்பால் மட்டும்தான்.

மலர்_மஞ்சக்குப்பம்:
மாசம் விஷயம் சரி, கார்த்திகையில வயசு முடியற பிள்ளைன்னாலும் தை பொறந்த பிறகே மதியப் பாலை எடுக்கலாம். ராத்திரிப் பால்ல பல் டாக்டர் யாராவது இருந்தா எழுதுங்க, நான் விட்டுக்கொடுக்கறதா இல்ல.