பாயிண்டை வெட்டிக் குறுக்கிய பிறகு தடம் முழுவதும் மின்சாரம் நிற்கிறது: உதவி தேவை

கேள்வி

9 மி.மீ. தட அகலம் கொண்ட என் சிறிய மாதிரி ரயில் அமைப்பில், அருகருகே செல்லும் இரண்டு தடங்களை இணைக்க இரண்டு பாயிண்டுகளை (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டியை எந்த வழிக்கும் திருப்பும் தடத் துண்டுகள்) எதிரெதிராக வைத்திருக்கிறேன். பலகையில் இடம் போதாததால், தடங்களை நெருக்குவதற்காக இரண்டு பாயிண்டுகளிலும் கிளைத் தடத்தின் முனையை 10 மி.மீ. அளவுக்குச் சுழலும் வெட்டுத்தகடு கொண்டு வெட்டினேன். கிளை பிரியும் கோணம் 15 பாகை என்பதால் இடைவெளி சுமார் 5 மி.மீ. குறைந்தது, அதில் குறையில்லை. ஆனால் இப்போது இரண்டு பாயிண்டுகளும் குறுக்குவழிக்குத் திரும்பியிருந்தால் மட்டுமே எஞ்சின் ஓடுகிறது. ஒன்றை நேர்வழிக்குத் திருப்பினாலும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, வெட்டிய இடத்தில் ஒரு பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது. எங்கே தவறு செய்தேன்?

பதில் 1

உங்கள் பாயிண்டுகளின் ஃபிராக், அதாவது தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் அந்த 'வி' முனை, உலோகமா பிளாஸ்டிக்கா? வெட்டுவதற்கு முன் இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே எந்த வகை ஜாயினர், அதாவது இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும் சிறு உறை, இருந்தது?

கேட்டவர்

ஃபிராக் உலோகம்தான். முன்பு பிளாஸ்டிக் ஜாயினர்கள் இருந்தன. வெட்டிய முனைகளில் அவை சரியாக நுழையாததால் உலோக ஜாயினர்களைப் போட்டேன்.

பதில் 1

அங்கேதான் ஷார்ட் ஆகிறது. பாயிண்ட் நேர்வழியில் இருக்கும்போது ஃபிராக் ஒரு துருவத்தையும், கிளைவழியில் இருக்கும்போது மற்றத் துருவத்தையும் பெறும். அதிலிருந்து வரும் தண்டவாளம் எதிரே உள்ள பாயிண்டின் வெளித் தண்டவாளத்தோடு சேர்கிறது. அந்த வெளித் தண்டவாளத்தின் துருவமோ ஒருபோதும் மாறுவதில்லை. இரண்டும் குறுக்குவழியில் இருக்கும்போது துருவங்கள் தற்செயலாக ஒத்துப்போவதால் வண்டி ஓடுகிறது. நடுவில் உள்ள இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினரைத் திரும்பப் போடுங்கள். நுழையாததற்குக் காரணம் வெட்டியபோது அடிப்பாகத்தில் எழுந்த பிசிறுதான். மெல்லிய அரத்தால் அடியிலும் இரு ஓரங்களிலும் தேய்த்தால் போதும்.

பதில் 2

சக்கரம் ஏறுவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே தகட்டால் நானும் ஒரு பாயிண்டைப் பாழாக்கியிருக்கிறேன். வெட்டும் சூடு தண்டவாளத்தின் வழியே இறங்கி, பிளாஸ்டிக் கட்டைகளில் அதைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு கொக்கிகளை இளக்கிவிடும். தண்டவாளம் உட்புறம் சாய்ந்து, தடம் 9 மி.மீ.க்கும் குறுகிவிடும். கடைசி இரண்டு கட்டைகளை நீக்கிவிட்டு, செம்பு பூசிய பலகைத் துண்டுகளை வைத்துத் தண்டவாளத்தை அவற்றில் பற்றவையுங்கள். துண்டின் நடுவே செம்பை அரத்தால் குறுக்கே அறுத்துவிட மறக்கக் கூடாது. மறந்தால் ஷார்ட் வேறு இடத்திலிருந்து தொடங்கும். பற்றவைக்கும்போது தட அகலத்தைச் சரியாக வைக்கும் கேஜை வைத்துத் தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தண்டவாள வெட்டுக்குறடு வாங்கிவிடுங்கள். அதன் தட்டையான முகம் நீங்கள் வைத்துக்கொள்ளும் பக்கம் இருக்க வேண்டும். ஃபிராக்குக்கு எதிரே, சக்கரம் தவறான பக்கம் போகாமல் காக்கும் காவல் தண்டவாளத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிளாஸ்டிக் ஜாயினர்களை மாற்றியதும் சிவப்பு விளக்கு எரிவது நின்றது. கட்டைகளை நீக்கிப் பார்த்தபோது நீங்கள் சொன்னபடியே கொக்கிகள் மெழுகுபோல உருகியிருந்தன. செம்புத் துண்டு வைத்தபின் அந்தப் பெட்டியைக் கையால் இருபது முறை தள்ளிப் பார்த்தேன், ஏறவில்லை. ஆனால் நான்கு சக்கரச் சிறு எஞ்சின் மட்டும் ஃபிராக்கின் மேல் சில நேரம் நின்றுவிடுகிறது.

பதில் 1

ஃபிராக்குக்கு இப்போது மின்சாரம் வருவது நாக்குத் தண்டவாளம் (பாயிண்டைத் திருப்பும்போது நகரும் கூரான துண்டு) வெளித் தண்டவாளத்தைத் தொடும் அந்த ஒரு புள்ளியின் வழியாக மட்டுமே. அங்கே அழுக்கோ பசையோ படிந்தால் ஃபிராக் உயிரற்றுப் போகும். நீளமான எஞ்சின் தாண்டிவிடும், சிறியது நிற்கும். முதலில் ஆல்கஹால் தோய்த்த காகிதத்தை அந்த இடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். மீண்டும் நின்றால், ஃபிராக்கின் அடியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, பாயிண்ட் திரும்பும்போதே துருவத்தை மாற்றும் சுவிட்சோடு இணைத்துவிடுவதே நிலையான வழி. அப்படிச் செய்வதானால் நாக்குகளுக்கும் ஃபிராக்குக்கும் இடையே அடியில் உள்ள இணைப்பைத் துண்டித்து, ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு கம்பியால் சேர்க்க வேண்டும். இல்லையெனில் திரும்பும் கணத்தில் ஒரு சிறு ஷார்ட் வந்துபோகும்.

கேட்டவர்

காகிதத்தை இழுத்ததும் கறுப்புக் கோடாக அழுக்கு வந்தது. சிறு எஞ்சின் ஊர்ந்து செல்லும் வேகத்திலும் நிற்காமல் கடக்கிறது. கம்பி வேலையைப் பலகையைத் தலைகீழாகத் திருப்பும் நாளுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.