ஏர் ரைஃபிளுக்கு மண் வில்லை: சுட்டால் உடையவில்லை, ஓட்டைதான் விழுகிறது. உதவி தேவை

குடமுருட்டி_கரை
வணக்கம். பொங்கலுக்கு அண்ணன் பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள், கல்லூரியில் படிப்பவர்கள். ஏர் ரைஃபிளில் (காற்றுத் துப்பாக்கி) தாள் இலக்கைச் சுட்டுச் சுட்டு அலுத்துவிட்டதாம், பட்டதும் தெறித்து உடைகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்கிறார்கள். கடை வில்லை வாங்கினால் கட்டுப்படியாகாது. வயல் மண்ணில் நானே வில்லை தட்டி, காயவைத்து, கம்பியில் தொங்கவிட்டேன். உடையவே மாட்டேன் என்கிறது. சின்ன ஓட்டை விழுகிறது, சிலதில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) அப்படியே பதிந்து நிற்கிறது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொன்னால் நல்லது.

வெண்ணாறு_வாசி
எவ்வளவு தூரத்தில் இருந்து சுடுகிறீர்கள்? துப்பாக்கி என்ன வகை? வில்லை எவ்வளவு கனம்? நிழலில் காய்ந்ததா, வெயிலிலா? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்ல முடியும்?

மன்னை_வாசகன்
எனக்குத் தெரிந்து இது ஈரம்தான். மார்கழிப் பனியில் எந்த மண்ணும் முழுசாகக் காயாது. பகலில் வெயில் பட்டாலும் ராத்திரி திரும்ப இழுத்துக்கொள்ளும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒடித்துப் பார்த்தால் நடுவில் கருப்பாகத் தெரியும். விறகடுப்புக்கு மேலே பரணில் போட்டு வையுங்கள்.

பத்து_வளையம்
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். தாள் அலுத்துவிட்டது என்றால் இன்னும் ஒழுங்காகச் சுடப் பழகவில்லை என்று அர்த்தம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். பிள்ளைகளை முதலில் அதற்குப் பழக்குங்கள். உடைத்துப் பார்ப்பது பயிற்சி ஆகாது.

வெண்ணாறு_வாசி
சார், அதை ஒத்துக்கொள்ள முடியாது. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியில் 50 மீட்டரில் சுடுகிறார்கள். படுத்துச் சுட 45 மி.மீ., நின்று சுட 115 மி.மீ. வட்டம். பட்டதும் கருப்பு மறைந்து வெள்ளை வந்துவிடும். ஃபீல்டு டார்கெட் என்ற ஏர் ரைஃபிள் போட்டியில் தகடே சாய்ந்து விழும். இரண்டுமே முறையான போட்டிகள். பட்டது அந்த நொடியே கண்ணுக்குத் தெரிந்தால் புதிதாகக் கற்பவனுக்கு ஆர்வம் வரும். அதில் என்ன குறை?

குடமுருட்டி_கரை
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சாதாரண 0.177 அங்குல ஸ்பிரிங் ரைஃபிள், லைசென்ஸ் தேவைப்படாத வகை. 20 மீட்டர் இருக்கும். வில்லை ஒரு விரல் கனம். வெயிலில்தான் காய்ந்தது, ஒடித்தும் பார்த்தேன், உள்ளே ஈரம் இல்லை. காயும்போது வெடிக்காமல் இருக்க வழக்கம்போல உமி போட்டுத்தான் பிசைந்தேன்.

மாயவரம்_சூளை
தம்பி, உமியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. விஷயமே அதுதான்.

எங்கள் வீட்டில் தலைமுறையாகச் செங்கல் அறுக்கிறோம். மண்ணில் உமியோ வைக்கோலோ போடுவது, காயும்போது சுருங்கிப் பிளந்துவிடாமல் பிடித்து வைக்க. பெல்லட் பட்டாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். விரிசல் கிளம்பும், அடுத்த உமியில் போய் நின்றுவிடும். ஓட்டையோடு முடிந்துபோகும். போதாததற்கு நம் வயல் மண் நல்ல களி, காய்ந்தால் கல்லாக இறுகும். விரல் கனத்துக்குத் தட்டினால் பெல்லட் தைத்து நிற்கத்தான் செய்யும்.

உங்களுக்கு வேண்டியது பலவீனமான வில்லை. உமியை விட்டுவிடுங்கள், அதற்குப் பதில் மணல். மணலும் சுருக்கத்தைக் குறைக்கும், ஆனால் உமி மாதிரி இழுத்துப் பிடிக்காது. மண் ஒரு பங்கு, கொசுவலையில் சலித்த மணல் இரண்டு பங்கு என்று ஆரம்பித்து, இரண்டு விரலால் ஒடித்தால் பிஸ்கட் மாதிரி முறிகிற வரை மணலைக் கூட்டுங்கள். எடுத்துத் தொங்கவிடும்போது கையிலேயே உதிர்ந்தால் கொஞ்சம் குறையுங்கள். கனம் 4, 5 மி.மீ. போதும். பாட்டில் மூடியை அச்சாக வைத்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். கம்பிக்கான துளையை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

ஷாட்கன்காரர்கள் வீசிச் சுடும் தட்டும் இதே சூத்திரம்தான். சுண்ணாம்புக்கல் தூளைப் பிட்ச் (தார் மாதிரி ஒட்டும் பொருள்) சேர்த்து அச்சில் அழுத்துகிறார்கள். 110 மி.மீ. விட்டம், 105 கிராம் எடை. எறிவதைத் தாங்கும், சன்னம் (ஷாட்கனில் இருந்து சிதறும் சின்னக் குண்டு) பட்டால் நொறுங்கும். பிடிப்பை அந்த அளவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மன்னை_வாசகன்
சூளைக்கார அண்ணன் சொல்வது சரிதான், ஆனாலும் பனியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூளையில் சுடாத மண் ராத்திரி வெளியில் தொங்கினால் மறுநாள் நமுத்துவிடும்.

அரசலாறு_77
இவ்வளவு வேலை எதற்கு? கார்த்திகைக்கு வாங்கின அகல் எல்லா வீட்டிலும் பரணில் கிடக்கும். சூளையில் சுட்ட மண் சில்லு சில்லாகத் தெறிக்கும். சாக்பீஸும் அருமையாக முறியும். தூரத்தில் நன்றாகத் தெரிய வேண்டுமானால் முட்டை ஓட்டில் கோலமாவை நிரப்பி வாயைத் தாளால் ஒட்டி வையுங்கள், பட்டதும் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பும்.

திருத்துறை_விவசாயி
அகல் மட்டும் வேண்டாம். கொல்லையை ஒட்டி வயல் இருந்தால் அந்தச் சில்லு மழையில் கரையாது. நடவுக்கு இறங்குகிற பெண்கள் காலில்தான் குத்தும். பச்சை மண் வில்லை ஒரு மழையில் வயலோடு போய்விடும், இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அதைவிட முக்கியமானதை இதுவரை யாரும் கேட்கவில்லை. வில்லைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

குடமுருட்டி_கரை
வயல்தான். அறுவடை ஆகிவிட்டது, ஆள் யாரும் இல்லை.

திருத்துறை_விவசாயி
ஆள் இல்லை சரி, வாத்து வராதா? அறுப்பு முடிந்ததும் பட்டி வாத்து மேய விடுவார்கள். வாத்து இரையை அரைக்கச் சின்னக் கல்லை விழுங்கும். பெல்லட்டையும் கல் என்று விழுங்கும். ஈயம் இரைப்பையில் தேய்ந்து ரத்தத்தில் கலந்துவிடும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை 1991ல் நாடு முழுக்கத் தடை செய்தது இதற்காகத்தான்.

அரசலாறு_77
ஒரு டப்பா பெல்லட்டுக்கு இவ்வளவு பயமா? வயலில் அடிக்கிற மருந்தை விடவா இது கெடுதல்?

திருத்துறை_விவசாயி
மருந்து கெடுதல் என்பதால் ஈயம் நல்லதாகிவிடாது. நாள் போனாலும் ஈயம் ஈயமாகவே மண்ணில் கிடக்கும். பட்டி வாத்து மட்டும் இல்லை. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022ல் ராம்சர் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்தன. அங்கே தங்குகிற பறவைகள் இரை தேடி நம் வயலுக்குத்தான் இறங்குகின்றன.

அரசலாறு_77
ஊரில் ஏர்கன் வைத்து மடையான் கொக்கு அடிப்பவனிடம் போய்ச் சொல்லுங்கள் இதை. இவர் மண் வில்லையைத்தான் சுடுகிறார்.

திருத்துறை_விவசாயி
மடையான் அடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அவனிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இவர் நல்ல மனிதர், கேட்பார் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பத்து_வளையம்
இந்த ஒன்றில் விவசாயி சொல்வதே சரி. மலையோ மேடோ இல்லாத ஊர் நம்முடையது. குறி தப்பிய பெல்லட் 100 மீட்டரைத் தாண்டிப் போகும். வைக்கோல் போரை நம்பாதீர்கள், மணல் நிரப்பிய சாக்குகளை இரண்டு அடுக்காக, இலக்கை விட நல்ல உயரத்துக்கு அடுக்குங்கள். சுட்டு முடித்தபின் அந்த மணலைச் சலித்தால் ஈயம் கையோடு வந்துவிடும். எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, வேடிக்கை பார்ப்பவர்களுக்கும். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இதைச் செய்யாமல் வில்லையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வெண்ணாறு_வாசி
வில்லை தீர்ந்தபின் ஒரு யோசனை. லேத் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் 3 மி.மீ. இரும்புத் தகட்டில் வட்டம் வெட்டி, சங்கிலியில் தொங்கவிடுங்கள். முகம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நசுங்கிய ஈயம் தரையைப் பார்த்து விழும். கீழே ஒரு தட்டு வைத்தால் வயலுக்கும் போகாது. இரும்பில் செய்த பிபி (BB) என்ற உருண்டைக் குண்டு மட்டும் வேண்டவே வேண்டாம், நேராக முகத்துக்குத் திரும்பி வரும்.

குடமுருட்டி_கரை
உமி இல்லாமல், மணல் கூட்டிச் செய்தேன். நன்றாக உடைகிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பின்னால் சாக்கும் அடுக்கியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மாயவரம்_சூளை
சந்தோஷம் தம்பி. கடைசியில் மணல் எத்தனை பங்கு வந்தது? அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

பேராவூரணி_புதியவன்
எனக்கும் அதே கேள்விதான். எங்கள் பக்கம் செம்மண், களி இல்லை. அதற்கும் இரண்டு பங்கு மணல் சரிப்படுமா?