லேப் ரிப்போர்ட்டும் ராத்திரித் தேடலும்: கவுண்டரில் நான் பார்த்தவை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் அனுப்புவது, இதுதான் வேலை. முன்பெல்லாம் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரிக்காமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோவார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு ராத்திரியே போக ஆரம்பித்தது. டாக்டரைப் பார்ப்பது மறுநாள் சாயங்காலம். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க கையில் போன்தான். அந்த நேரத்தில் ஜனங்கள் படும் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் ஒரு பையன், கல்லூரியில் கடைசி வருடம். நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நிற்கிறான். கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினான். லிம்போசைட், அதாவது வெள்ளையணுக்களில் ஒரு வகை, 46 சதவீதம். நார்மல் 20 முதல் 40 வரை. அதைத் தாண்டியதால் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்பதற்கு ஒரு 'எச்' என்று வந்திருந்தது. அதைக் கூகுளில் போட்டதும் ரத்தப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அங்கிருந்து இன்னொரு பக்கம், அப்புறம் ஒரு வீடியோ என்று போய், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பது வரை விடிவதற்குள் படித்துவிட்டான். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "எங்கப்பாவால அவ்வளவு பணம் புரட்ட முடியாது சிஸ்டர்" என்றான். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

அதே தாளில் மொத்த வெள்ளையணு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் சரி, தட்டணு (பிளேட்லெட்) சரி. அவன் டெஸ்டுக்கு வந்ததே வைரல் காய்ச்சல் விட்டும் அசதி போகவில்லை என்றுதான். அந்த மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு லிம்போசைட் கொஞ்ச நாள் தூக்கலாக நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்துக் கிளினிக்கில் அவர் வந்ததும் முதல் ஆளாக அவனை உட்காரவைத்தேன். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்த்து, ஒன்றும் இல்லை, ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுப்போம் என்று அனுப்பினாராம். திரும்ப எடுத்தபோது எண் இறங்கியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். நார்மல் ரேஞ்ச் என்று ரிப்போர்ட்டில் போடுகிறோமே, பெரும்பாலான டெஸ்ட்களுக்கு அது ஆரோக்கியமாக இருக்கிறவர்களில் 95 சதவீதம் பேரின் அளவு எந்த எல்லைக்குள் விழுகிறதோ அதுதான். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே. அதாவது எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு அந்த எண் தடித்த எழுத்தில் வரத்தான் செய்யும். இது ஒரு டெஸ்டுக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டியிருக்கும். முழு உடல் பரிசோதனை என்று விற்கிற பேக்கேஜில் 60, 70 எண்கள் இருக்கின்றன. எல்லாமே நார்மலாக வந்தால்தான் ஆச்சரியம். இதை யாரும் அந்தத் தாளில் அச்சடிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எங்கள் ஓனரிடம் பேசி, அவசரமில்லாத ரிப்போர்ட்டுகளை ராத்திரியில் அனுப்புவதை நிறுத்தியிருக்கிறோம். ஆபத்தான அளவு வந்தால் எந்த நேரமானாலும் டாக்டருக்கும் வீட்டுக்கும் போன் போய்விடும். மற்றதெல்லாம் காலையில். சிலர் கோபப்படுகிறார்கள், படட்டும்.

அடுத்தது, தாங்களாகவே தேடிப் பார்த்துவிட்டு டெஸ்ட் கேட்டு வருகிறவர்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அக்கா, "கேன்சர் இருக்கா இல்லையான்னு சொல்ற பிளட் டெஸ்ட் எடுங்கம்மா" என்று வந்தார். வயிறு உப்புசம், அடிக்கடி சிறுநீர். யூடியூபில் பார்த்தாராம். கழுத்தில் ஒரு பக்கம் தோல் கன்றிப்போய் லேசாகத் தடித்திருந்தது. என்னவென்று கேட்டால், கட்டி இருக்கிறதா என்று நாள் முழுக்க அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாக அங்கே போகிறது. அப்படி விடாமல் அழுத்தினால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். வலித்ததும், பார் வலிக்கிறதே என்று திரும்பவும் அழுத்தத் தோன்றும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, இன்னொரு இடத்தில் சிஏ-125 என்ற, சினைப்பைக் கேன்சரை ஒட்டிப் பார்க்கிற ரத்த டெஸ்டை எடுத்துவிட்டார். 35க்குள் இருக்க வேண்டியது 41. அவ்வளவுதான், சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டில் விடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டார். சிஏ-125 என்பது மாதவிடாய் நாட்களில் கூடும், கர்ப்பத்தில் கூடும், கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் கூடும். சிஇஏ என்று கேன்சரை ஒட்டிப் பார்க்கிற இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கிறது, அது பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இவையெல்லாம் பெரும்பாலும், நோய் ஏற்கெனவே தெரிந்தவருக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. நல்லபடியாக இருப்பவருக்குக் கேன்சர் இருக்கிறதா என்று தேட உகந்தவை அல்ல. அந்த அக்காவுக்கு ஸ்கேனில் சின்னதாக ஒரு நார்க்கட்டி, வேறொன்றும் இல்லை.

தேடினால் ஏன் எப்போதும் மோசமான நோயே முன்னால் வந்து நிற்கிறது? 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். இணையத்தில் தலைவலிக்கு, காபியை நிறுத்தியதால் வரும் வலியும் மூளைக்கட்டியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் காரணமாகப் பேசப்படுவதைக் காட்டினார்கள். நிஜத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டாக்டர் உங்கள் வயதைக் கேட்கிறார், எத்தனை நாளாக என்று கேட்கிறார், தொட்டுப் பார்க்கிறார், அப்புறம்தான் எது நடக்கக்கூடியது என்று முடிவுக்கு வருகிறார். தேடுபொறிக்கு நீங்கள் தட்டிய நாலு வார்த்தையைத் தவிர வேறென்ன தெரியும்?

இதற்கு நேர் எதிரானதையும் பார்த்தேன். ஐம்பது தாண்டிய ஒரு ஆட்டோ டிரைவர், சுகர் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர். சட்டை முழுக்க வியர்வை, கை சில்லென்று இருக்கிறது. கேட்டால், விடியற்காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு அழுத்தம், நெட்டில் கேஸ் டிரபிள் என்று போட்டிருந்தது, ஓமத்தண்ணி குடித்தேன் என்றார். உடனே 108ஐக் கூப்பிட்டோம். மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, திடீரென்று ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, மூச்சுவிட முடியாமல் போவது, இதற்கெல்லாம் போனைத் தொட்டால் 108ஐக் கூப்பிட மட்டுமே தொட வேண்டும்.

கடைசியாக என் தம்பி. சென்னையில் ஐடி வேலை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் சின்ன வயதில் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார், அதிலிருந்து ஆரம்பித்தது. கையில் இருக்கிற வாட்ச்சில் நாடித்துடிப்பைப் பார்ப்பான். பார்க்கிற பதற்றத்திலேயே துடிப்பு கூடும். கூடியதைப் பார்த்ததும் தேடுவான். படபடப்பில் மூச்சை வேகவேகமாக இழுக்க, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை சுற்றும். அதையும் தேடுவான். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஈசிஜி எடுத்தால் நார்மல். அந்த நிம்மதி இரண்டு நாள்கூடத் தங்காது. நாங்களும் "உனக்கு ஒன்னும் இல்லடா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனோம். அவனுக்கு அந்த உணர்வெல்லாம் நிஜம். நடிப்பு ஒரு துளிகூட இல்லை.

மனநல மருத்துவரிடம் போன பிறகுதான் வழி பிறந்தது. இது நோய்ப் பதற்றம், இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று சொன்னதே அவனுக்குப் பெரிய ஆறுதல். தேடத் தோன்றினால் உடனே தேடாதே, பயத்தை ஒரு நோட்டில் எழுது, அரைமணி நேரம் தள்ளிப்போடு என்றார்கள். அரைமணி கழித்துப் பார்த்தால் பல நேரம் அந்த வேகம் அடங்கியிருக்கும். வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். உடம்புக்கு எதுவானாலும் ஒரே டாக்டர், அவர் குறித்த தேதி. எங்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: திரும்பத் திரும்ப "ஒன்றுமில்லை" என்று சொல்லித் தேற்றாதீர்கள், அதுவும் அவனுக்கு இன்னொரு தேடல்தான், "பயமாக இருக்கிறது இல்லையா, நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போங்கள் என்று. அம்மாவுக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சில மாதம் மாத்திரையும் எடுத்தான். இப்போது நன்றாகத் தூங்குகிறான்.

செலவுக்கோ வெட்கத்துக்கோ யோசிக்கிறவர்கள் 14416க்குப் போன் பண்ணலாம். அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

வயதான அப்பா அம்மா யூடியூப் பார்த்துவிட்டுப் பயந்துபோகிற வீடுகளில், நீங்கள் அவர்களிடம் எப்படிப் பேசினீர்கள்? எங்கள் கவுண்டருக்கு இப்போது அதிகம் வருவது அவர்கள்தான். உங்களுக்கு எது உதவியதோ அதை எழுதுங்கள், நான் அவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.