குன்னூர் ஹாலுக்கு எந்தப் புரொஜெக்டர்: ஹோம் தியேட்டரா, லேசரா?

சிம்ஸ்பார்க்_ரசிகன்:
பழைய ஹால் ஒன்றில் ப்ளூரே டிஸ்க்கும் ஊர்க்காரர்களின் பழைய கேம்கார்டர் கேசட்டும் போடப் போகிறோம். திரை 16 அடி அகலம், 9 அடி உயரம். கேபின் (பின்னால் உள்ள புரொஜெக்டர் அறை) ஜன்னலிலிருந்து திரைக்கு 50 அடி. 2,600 லூமென் (வெளிச்ச அளவு) ஹோம் தியேட்டர் புரொஜெக்டர் போதுமா?

கேபின்_மணி:
கட்டாதுங்க. தூரம் 50-ஐ திரை அகலம் 16-ஆல் வகுத்தா 3.1, இதுதான் த்ரோ விகிதம். ஹோம் தியேட்டர் மாடல்ல பெரும்பாலும் ஜூம் அவ்வளவு தூரம் வராது. கேபின்ல வச்சா படம் திரையைத் தாண்டி சுவர்ல விழும். லென்ஸ் மாத்தக்கூடிய 6,000 லூமென் லேசர் (லாம்புக்குப் பதிலா லேசர் ஒளி) புரொஜெக்டர் வாங்கி, 3.1-க்கு ஒத்துவர்ற லாங் த்ரோ லென்ஸ் போடுங்க.

கருப்பே_அழகு:
கேபின்லதான் வைக்கணும்னு யார் சொன்னது? திரையிலிருந்து 30 அடியில சீலிங்ல தொங்கவிடுங்க, 1.9-தான் வரும். டிஜிட்டல் சினிமாவோட அளவு 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது சாதாரண வெள்ளைத் திரையில சதுர அடிக்கு 14 லூமென். 144 சதுர அடிக்கு 2,016 லூமென் போதும். ஆபீஸ் லேசர்ல ராத்திரிக் காட்சி சாம்பலாத்தான் தெரியும்.

கேபின்_மணி:
அந்த 2,600 டைனமிக் மோடுல, பச்சை தூக்கலா இருக்கும்போது வர்ற கணக்கு. நிறம் ஒழுங்கா இருக்கிற சினிமா மோடுல 1,700 கிடைச்சா பெரிசு. அதுவும் புது லாம்புல. லாம்ப் ஆயுள்னு அட்டையில போடுறதே வெளிச்சம் பாதியாகுற நேரத்தைத்தான். கடைசியில 850-ஐ 144-ஆல் வகுங்க: 6 கூட வராது. லேசர்ல வெளிச்சம் அதிகம்னா 60 சதவீதத்துக்கு இறக்கிக்கலாம். கருப்பும் கூடவே இறங்கும்.

கருப்பே_அழகு:
இறங்கும், ஆனா கான்ட்ராஸ்ட் விகிதம் (வெள்ளை கருப்பை விட எத்தனை மடங்கு வெளிச்சம்னு) அதேதானே? அந்த லேசர்ல பலதுலயும் படத்தை உருவாக்குற சிப் 1920×1200, அதாவது 16:10. 16:9 படம் போட்டா பத்துல ஒரு பங்கு சும்மா கிடக்கும். அந்த மீதி வெளிச்சம் திரைக்கு மேலயும் கீழயும் சாம்பல் பட்டையா விழும். கறுப்பு வெல்வெட் துணி கட்டணும்.

மலை_சர்வீஸ்:
ரெண்டு பேரும் உயரத்தை விட்டுட்டீங்க. குன்னூர் 1,850 மீட்டர். காற்றடர்த்தி சமவெளியை விட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால ஃபேன் அதே வேகத்துல சுத்தினா சூடு வெளியேறாது. 1,500 மீட்டருக்கு மேலன்னா ஹை ஆல்டிட்யூட் மோடைப் போடுங்கன்னு பல மேனுவல்லயே இருக்கு. போடலைன்னா டெம்பரேச்சர் லைட் எரிஞ்சு பாதிப் படத்துல அணையும். போட்டா ஃபேன் இரையும். சீலிங்ல தொங்கினா அந்தச் சத்தம் நேரா தலைக்கு மேல. (தகரக் கூரையில மழை பெய்ஞ்சா எதுவும் கேக்காது, அது வேற.) அதனால என் ஓட்டு கேபினுக்கு. ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சு மாட்டுங்க, இல்லைன்னா பிரதிபலிப்பு நிழலா விழும். பனி நாள்ல ஹாலுக்குள்ள கொண்டுவந்த உடனே ஆன் பண்ணாதீங்க. லென்ஸ்ல நீர் படிஞ்சிருக்கும், ஒரு மணி நேரம் விடுங்க.

சிம்ஸ்பார்க்_ரசிகன்:
கேசட்டை எப்படிப் போடுவது?

கேபின்_மணி:
கேமராவை நேரா புரொஜெக்டர்ல செருகாதீங்க. டிஜிட்டல் கேசட்னா ஃபயர்வயர் கேபிள் வழியா கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. அது 576 வரி இன்டர்லேஸ், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவான படம். நொடிக்கு 50 முழு ஃபிரேமா மாத்தலைன்னா (டீஇன்டர்லேஸ்) ஆடுறவங்க கைகால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழியும். 4:3 படத்தை இழுத்து நிரப்பாதீங்க, 12 அடி அகலத்துல நடுவுல விடுங்க.

கருப்பே_அழகு:
சரி, கேபின்னா லேசர்தான். ஆனா வெள்ளை லூமெனும் (வெள்ளைக்கு வர்ற வெளிச்சம்) கலர் லூமெனும் (நிறங்களுக்கு வர்ற வெளிச்சம்) தனித்தனியா கேட்டு வாங்குங்க. கலர் வீல்ல (நிறங்களை மாறி மாறிக் காட்டுற சுழல் வட்டு) வெள்ளைத் துண்டு இருக்கிற ஒற்றைச் சிப் மாடல்ல கலர் வெகுவா குறையும், கல்யாண வீடியோவுல பட்டுச்சேலைச் சிவப்பே மங்கிப்போகும்.