ஆட்குறைப்புக்குப் பிறகு நீங்கள் சந்தித்த நேர்காணல்களைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர்:

பதினோரு வருடம் ஒரே நிறுவனம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலண்டரில் ‘சிறு உரையாடல்’ என்ற பெயரில் பதினைந்து நிமிடக் கூட்டம் ஒன்று வந்து விழுந்தது. இணைந்தால் என் மேலாளருக்குப் பக்கத்துக் கட்டத்தில், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு ஹெச்ஆர் முகம். அப்போதே புரிந்துவிட்டது. ஒன்பதாவது நிமிடம் பேச்சு முடிந்தது. பத்தாவது நிமிடம் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது.

சரி, அது போகட்டும். அது ஒரே நாளில் விழுந்த அடி. அதற்கப்புறம் ஏழு மாதம் வேலை தேடினேனே, அதைப் பற்றித்தான் இங்கே பேச ஆசை.

மென்பொருள்களுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் தொழில். மூன்றாவது மாதம் ஓர் இடத்திலிருந்து அழைத்தார்கள். முதல் சுற்று ஹெச்ஆர், இரண்டாவது குழுத் தலைவர், மூன்றாவது அவருடைய மேலாளர். மூன்று பேருமே ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றுதான் ஆரம்பித்தார்கள். முந்தைய சுற்றில் என்ன பேசினோம் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான்காவது சுற்றுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: “எங்கள் பில்லிங் மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். இரண்டு மணி நேர வேலைதான்.” உட்கார்ந்தால் பதினெட்டுத் திரைகள். மூன்று இரவு பிடித்தது. எடுத்துக்காட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டுமே என்று எங்கள் வீட்டுப் பூனையின் பெயரைப் போட்டு வைத்தேன்: திரு. உருண்டை. அவருக்கு ஒரு வாடிக்கையாளர் எண்ணும் கொடுத்தேன்.

ஐந்தாவது சுற்றில் “அருமையாக இருக்கிறது, எல்லாருக்கும் பிடித்திருந்தது” என்றார்கள். ஆறாவது சுற்று நடக்கவே இல்லை. இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. ஆறு வாரம் கழித்து, வேறு எதையோ தேடப்போய் அவர்கள் தளத்தில் போய் நின்றேன். புதிய உதவிப் பக்கம். பதினெட்டுத் திரைகளும் நான் அமைத்த வரிசையில். எட்டாவது திரையில் நிலுவைத் தொகையோடு நிற்கிறார் திரு. உருண்டை.

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. நிறுவனங்களின் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

விற்பனையில் இருந்தவர்:

ஐயோ, திரு. உருண்டை! மன்னியுங்கள், சிரித்துவிட்டேன்.

என் கதை சின்னது. விளம்பரத்தில் ‘பயிற்சி மேலாளர், அனுபவம் தேவையில்லை, வளர்ச்சி உறுதி’ என்று இருந்தது. விண்ணப்பித்த அரை மணி நேரத்தில் ஃபோன் வந்தது. அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் வேலை இல்லாதவனுக்கு அதெல்லாம் நல்ல சகுனமாகத்தான் தெரியும். போனால் ஒரே நேரத்தில் முப்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள். பாட்டுப் போட்டார்கள், கை தட்டச் சொன்னார்கள். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். “நீங்கள் சம்பளக்காரராக யோசிக்கிறீர்கள், தொழில்முனைவோராக யோசியுங்கள்” என்று பதில். அதாவது வீடு வீடாகப் போய் விற்க வேண்டும், விற்றால் கமிஷன், விற்காவிட்டால் நடந்த நடை மிச்சம். இடைவேளையில் எட்டுப் பேர் எழுந்து போனோம். மாடிப்படியில் யாரும் யாரோடும் பேசவில்லை.

கணக்குப் பிரிவில் இருந்தவர்:

நான் சொல்லப்போவதில் மோசடி எதுவும் இல்லை, வெறும் அவமரியாதைதான். ஆனால் அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பதே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவர் என் ரெஸ்யூமேவை அப்போதுதான் முதல்முறையாகப் புரட்டினார். என் கண் முன்னாலேயே பக்கத்தைத் திருப்பி, மறுபக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஆட்குறைப்பு என்றால் முதலில் வேலை சரியில்லாதவர்களைத்தானே எடுப்பார்கள்?”

எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள், நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கடிதம் என்றேன். “ஆனால் சிலரை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்களே?” என்றார். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் என்ன என்று இன்றுவரை யோசிக்கிறேன். அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது, கணவருக்கு வேலை மாற்றம் வருமா. வரிசையாக. பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞரிடம் இதில் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் பழைய சம்பளம். நான் தொகையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. குறைவாக வாங்கிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துவிட்டதே! விளம்பரத்தில் போட்டிருந்த தொகையை மறந்துவிட்டு, என் பழைய சம்பளத்துக்கு மேல் பத்து சதவீதம் என்றார். இதற்குச் சில இடங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் முந்தைய சம்பளத்தைக் கேட்பதைக் கட்டுப்படுத்தி முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் மாசசூசெட்ஸ், 2016இல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையும் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. இப்போதெல்லாம் நான் தொகை சொல்வதில்லை. “இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?” என்று திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேர் சொல்லிவிடுகிறார்கள். மீதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள், அதுவும் ஒரு தகவல்தானே.

ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒருவர்:

அடிக்க வராதீர்கள், நான் ஹெச்ஆர். ஒன்பது வருடம் ஆள் எடுத்திருக்கிறேன், போன வருடம் என்னையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இரண்டு நாற்காலியும் தெரியும்.

பதில் வராத விண்ணப்பங்களில் ஒரு பங்கு, இல்லாத வேலைகளுக்குப் போனவை. என் கையாலேயே அப்படி விளம்பரம் போட்டிருக்கிறேன். உள்ளிருப்பவர் ஒருவருக்குப் பதவி உயர்வு என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும், ஆனால் வெளியிலிருந்தும் மூன்று பேரைப் பார்த்ததாகக் கோப்பில் இருக்க வேண்டும். அந்த மூன்று பேர் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்கள். வேறு சமயம், நிதி ஒதுக்கீடு ரத்தாகியிருக்கும், விளம்பரத்தை இறக்க யாருக்கும் தோன்றியிருக்காது. முதலீட்டாளர்கள் கண்ணுக்கு நிறுவனம் வளர்வதாகத் தெரியட்டும் என்று விட்டுவைப்பதும் உண்டு. ஒருமுறை ஒரு மேலாளர் சொன்னார்: “விளம்பரம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் இருக்கிறவர்கள் அடங்கி வேலை செய்வார்கள்.” நான் எதிர்த்துப் பேசவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இதற்கு விதி இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் கொடுத்தால், இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நேர்காணலுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். பதில் சொல்லுங்கள் என்பதையே சட்டமாக எழுத வேண்டி வந்திருக்கிறது பாருங்கள்.

சுற்றுகளைப் பற்றியும் ஒன்று. ஆறு சுற்று வைப்பது ஆளை நன்றாக எடைபோடத்தான் என்று வெளியில் சொல்வோம். பல நேரம், ஆள் சரியில்லாமல் போனால் பழி ஒரே தலையில் விழக் கூடாது என்பதுதான் காரணம். ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் கணிக்கும் என்பது அதில் இருக்கிறது. 2022இல் சாக்கெட்டும் அவர் குழுவினரும் அந்தக் கணக்குகளைத் திருத்தியபோதும், அப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் நாங்கள் கேட்டது: “ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?” எங்களுக்கே அடுத்த காலாண்டு எங்கே என்று தெரியாது.

தொடங்கிய நண்பருக்கு: வேலை செய்துகாட்டச் சொல்வது தப்பில்லை, நல்ல முறைதான். ஆனால் கற்பனையான ஒரு பொருளைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். தங்கள் சொந்தப் பக்கத்தையே கொடுத்தால் அது தேர்வாக இருக்காது. ஓசி வேலையாகத்தான் இருக்கும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்:

நான் பணம் கொடுத்து ஏமாந்தவன். இதுவரை வீட்டில் சொல்லவில்லை.

வேலை போய் ஐந்தாவது மாதம். நேர்காணல் முழுவதும் சாட்டில்தான், முகமே காட்டவில்லை. இருபது நிமிடத்தில் ‘தேர்வாகிவிட்டீர்கள்’. ஆஃபர் லெட்டரில் பெரிய நிறுவனம் ஒன்றின் சின்னம், கையொப்பம், முத்திரை எல்லாம் இருந்தன. லேப்டாப் அனுப்பத் திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அப்புறம் பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம். அதையும் கட்டினேன். மூன்றாவதாகப் பயிற்சிக் கட்டணம் என்றபோதுதான் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஒரே ஓர் எழுத்து.

படித்தவன்தானே, எப்படி ஏமாந்தாய் என்று கேட்பீர்கள். ஐந்து மாதமாக ‘வருந்துகிறோம்’ என்று மட்டுமே படித்த கண்ணுக்கு ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லுக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒருவர்:

நண்பரே, யாரும் அப்படிக் கேட்க மாட்டோம். வங்கிக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் உடனே சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்த நிறுவனத்தின் உண்மையான தளத்தில் இருக்கும் முகவரிக்கும் எழுதுங்கள். வேலை வாங்கித் தரும் தனியார் முகமைகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையிலேயே, 7ஆவது பிரிவில், பொது விதியாக இருக்கிறது. வீட்டிலும் சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

தரவு ஆய்வாளர்:

எனக்கு வேலை கிடைத்தது, அதுதான் பிரச்சினை. ஆஃபரில் ‘தரவு ஆய்வாளர்’. சேர்ந்த முதல் நாள் தலையில் ஹெட்செட் மாட்டிவிட்டு, கடன் பாக்கிக்காரர்கள் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். “பட்டியலும் தரவுதானே” என்றார் மேலாளர், சிரிக்காமல். மூன்று வாரம் தாங்கினேன்.

அதற்குப் பிறகு எந்த நேர்காணலிலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: “இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே?” புதிய இடம் என்றால் பட்டென்று சொல்கிறார்கள். வேறு மாதிரி என்றால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் பிரிவில் இருந்தவர்:

இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கூடவே என்னுடையதும் ஒன்று. ஃபோனில் எது பேசினாலும் அன்று மாலையே ‘நாம் பேசியது இதுதானே’ என்று நான்கு வரி மின்னஞ்சல் போட்டுவிடுகிறேன். சம்பளம், பதவி, வேலை நேரம். நேர்மையானவர்கள் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை எழுதுகிறார்கள். மற்றவர்கள் உடனே ஃபோன் செய்கிறார்கள், எழுத மட்டும் மாட்டார்கள்.

சரி, உருண்டை என்ன ஆனார்? அவர்களிடம் கேட்டீர்களா?

இழையைத் தொடங்கியவர்:

கேட்டேன். நான் அனுப்பிய கோப்பு, அனுப்பிய தேதி, அவர்கள் பக்கத்தின் படம் மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். கோபமாக எழுதவில்லை. பயன்படுத்தியதற்கு உரிய தொகையைத் தர வேண்டும் என்று மட்டும் எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: “உள்ளடக்கம் எங்கள் குழுவால் சுயமாக உருவாக்கப்பட்டது. ஒற்றுமை தற்செயலானது.”

அந்தப் பதில் வந்த அன்று மாலையே போய்ப் பார்த்தேன். எட்டாவது திரையில் உருண்டையைக் காணவில்லை. ‘மாதிரி வாடிக்கையாளர்’ என்று மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. நிலுவைத் தொகைகூட அதேதான்.

வாடிக்கையாளர் எண்ணையும் யாரும் தொடவில்லை. ஆறு இலக்கம். அன்றிரவு எழுதும்போது ஏதாவது ஓர் எண் வேண்டுமே என்று, கை பழகியிருந்த எண்ணைத் தட்டினேன். பதினோரு வருடம் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்த என் ஊழியர் எண்.